உலையும் கல்லும்: ஜப்பானியச் சவரக்கத்தியின் கூர்மை குறித்து

1. கேள்வி

கமிசோரி என்பது ஜப்பானியச் சவரக்கத்தியின் பெயர். 'கமி' என்றால் தலைமுடி. 'சோரி' என்றால் மழித்தல். நம் ஊர் முடிதிருத்தகங்களில் முன்பு புழங்கிய மடக்குக் கத்தியைப் போல அது மடங்காது. பிடியும் அலகும் ஒரே இரும்பில் அடித்தவை. பிடியில் பெரும்பாலும் பிரம்பு நார் சுற்றியிருக்கும். அலகின் இரு முகங்களும் சமமாக இரா. ஒன்று மற்றதைவிடக் கூடுதலாகக் குழிந்திருக்கும். வாய்ப்பகுதிக்கு மட்டும் வன்மையான எஃகு. அதைத் தாங்கும் உடல் மெல்லிரும்பு. இரண்டையும் உலையில் பழுக்கக் காய்ச்சிப் பற்றவைத்திருப்பார்கள்.

இந்தக் கத்தியைப் பற்றி எழுதுவோர் அதன் கூர்மைக்கு ஒரே விடையைச் சொல்லி வருகிறார்கள்: சாமுராய் வாளின் வாரிசு அது, வாள் கொல்லரின் எஃகும் கைத்திறனும் அதில் இறங்கியிருக்கின்றன. விற்பனைக் குறிப்புகளிலும் சேகரிப்பாளர்களின் எழுத்துகளிலும் இந்த விடை ஏறத்தாழ ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக நிற்கிறது. அந்த விடை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கமிசோரியின் கூர்மைக்கு உலையைவிடத் தீட்டுக்கல்லே பெரிதும் பொறுப்பு என்பதும், அந்தக் கல்லுக்கு இணங்கும்படியே அதன் எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும் என் முடிவு.

2. துறவியரின் கருவி

சவரக்கத்தி ஜப்பானுக்குள் போர்க்களத்தின் வழியாக வரவில்லை. 6ஆம் நூற்றாண்டில் கொரியா வழியாக வந்த பௌத்தத்தோடு வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பௌத்தத் துறவி தன்னுடன் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட எட்டுப் பொருள்களில் சவரக்கத்தியும் ஒன்று. மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி ஆகியவற்றோடு அது எண்ணப்படுகிறது. 720இல் தொகுக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' என்னும் வரலாற்றேடு, 584இல் ஜப்பானில் முதன்முதலாகத் துறவேற்றவர்கள் மூன்று பெண்கள் என்கிறது. அவர்களில் முதன்மையானவராகக் குறிக்கப்படும் சென்ஷின் அப்போது 11 வயதுச் சிறுமி. துறவேற்பு என்றால் தலை மழிப்பு. ஆகவே ஜப்பானில் சவரக்கத்தியின் வரலாறு ஒரு சிறுமியின் தலையில் தொடங்குகிறது என்றே கொள்ளலாம். வாள் மரபுக் கதையை நம்புவோர் இந்தத் தொடக்கத்தைக் கடந்துபோய்விடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. பௌத்தத்தின் ஜோதோ ஷின்ஷூ பிரிவில் இன்றும் 'ஒகமிசோரி' என்னும் சடங்கு நடக்கிறது. இல்லறத்தாரின் தலையில் மும்முறை கத்தியைத் தொட்டு எடுப்பார்கள். முடி எதுவும் வெட்டப்படுவதில்லை. அதன்பின் அவருக்குத் தர்மப் பெயர் சூட்டப்படும்.

போர்வீரர்கள் உச்சந்தலையை வெறுமையாக்கிக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலம் கத்தியின் வேலையாக இருக்கவில்லை. 1585இல் ஐரோப்பிய, ஜப்பானிய வழக்கங்களை ஒப்பிட்டு எழுதிய போர்த்துகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ், ஜப்பானியர் முடியை இடுக்கியால் பிடுங்குவதைக் குறிப்பிடுகிறார். பிடுங்குவதை விட்டு மழிக்கத் தொடங்கியவர் போர்த்தலைவர் ஓடா நோபுநாகா என்பது செவிவழி மரபு. அது உண்மையாயினும் இல்லாவிட்டாலும், எதோ காலத்தில் (1603–1868) உச்சியை மழிக்கும் வழக்கம் வீரர்களைத் தாண்டி நகரத்து வணிகர், கைவினைஞர் எல்லாரிடமும் பரவியது. ஓரிரு நாளுக்கொருமுறை மழித்தால்தான் அந்த உச்சி பளிச்சென்று இருக்கும். ஆகவே தெருவுக்குத் தெரு முடிதிருத்தும் கடைகள் முளைத்தன. அவை ஊர்ப்பேச்சு நடக்கும் இடங்களாகவும் ஆயின. ஷிகிதேய் சன்பா 1813இல் வெளியிடத் தொடங்கிய 'உகியோதோகோ' என்னும் நூலின் களமே அப்படியொரு கடைதான். மணமான பெண்கள் புருவத்தை மழித்துக்கொள்ளும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. ஆக, கமிசோரியைப் பெருக்கியவை மடமும் கடைத்தெருவும் பெண்களின் அலங்கார அறையும்.

3. வாள் மரபு என்னும் விளக்கம்

வாள் மரபை முன்வைப்போர் காட்டும் சான்றுகள் இரண்டு. முதலாவது, 1876இல் பொது இடங்களில் வாள் தரிப்பது தடைசெய்யப்பட்டபோது வேலையிழந்த வாள் கொல்லர்கள் கத்தித் தொழிலுக்கு வந்தார்கள் என்பது. அப்படி வந்தவர்கள் உண்டு. ஆனால் அந்தத் தடைக்கு நூறாண்டுக்கும் முன்பே ஜப்பானில் சவரக்கத்திக் கொல்லர்கள் இருந்தார்கள். ஹ்யோகோ மாகாணத்து ஓனோ வட்டாரத்தில் சவரக்கத்தியும் கத்தரிக்கோலும் அடிக்கும் தொழில் எதோ காலத்திலேயே வேரூன்றியது. வந்து சேர்ந்தவர்களைத் தொழிலைத் தொடங்கியவர்களாக மாற்றிச் சொல்வது வரலாறு ஆகாது.

இரண்டாவது சான்று தமஹகானே என்னும் எஃகு. ஆற்றுமணலிலும் மலைமணலிலும் கிடைக்கும் இரும்புத் துகளை மரக்கரியோடு சேர்த்து, களிமண் உலையில் மூன்று நாள் இடைவிடாது ஊதி எடுக்கும் எஃகு அது. அந்த உலைக்குத் தத்தாரா என்று பெயர். வாளுக்கும் தமஹகானே, சிறந்த கமிசோரி சிலவற்றுக்கும் தமஹகானே. ஆகவே இரண்டும் ஒரே குடும்பம் என்பது வாதம். இங்கே ஓர் எளிய வேறுபாடு கவனிக்கப்படுவதில்லை. வாளுக்காக அந்த எஃகை மடித்து மடித்து அடிக்கும்போது அதிலுள்ள கரிமம் எரிந்து குறைகிறது. முடிந்த வாளின் வாயில் கரிமம் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 விழுக்காடுதான் இருக்கும். அடியைத் தாங்கும் வாளுக்கு அது பொருத்தம். சவரக்கத்திக்கோ 1 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும்; இல்லையேல் மெல்லிய வாய் நிற்காது. மூலப்பொருள் ஒன்றாக இருக்கலாம். முடிந்த எஃகு ஒன்றல்ல.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. பின்னாளில் ஸ்வீடனிலிருந்து எஃகு இறக்குமதியாகத் தொடங்கியதும், சவரக்கத்திக் கொல்லர்கள் பெருமளவில் அதற்கு மாறினார்கள். 'ஸ்வீடன் எஃகு' என்று அலகிலும் பெட்டியிலும் பெருமையோடு பொறித்தார்கள். முடிதிருத்துநர்களும் அவற்றை விரும்பி வாங்கினார்கள். கூர்மை வாள் எஃகிலேயே குடியிருந்தது என்றால் இந்த மாற்றம் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது. ஸ்வீடனின் எஃகுக்கும் ஷிமானே மாகாணத்துத் தமஹகானேவுக்கும் பொதுவாக இருந்தது எது? மரக்கரியில் உருக்கியதால் கந்தகமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. வேறு உலோகக் கலப்பும் இல்லை. இரும்பும் கரிமமும் மட்டும். இந்தத் தூய்மை ஏன் வேண்டப்பட்டது என்பதற்கு விடை உலையில் இல்லை. கியோத்தோவின் மேற்கு மலைகளில் இருக்கிறது.

4. கடலடியிலிருந்து வந்த கல்

ஜப்பானியர் தீட்டுக்கல்லை மூன்றாகப் பிரிப்பார்கள்: அராதோ என்னும் கரட்டுக்கல், நகாதோ என்னும் நடுத்தரக் கல், அவசெதோ என்னும் முடிப்புக்கல். சவரக்கத்தியை முடிக்கும் கல் கியோத்தோவைச் சுற்றிய மலைகளிலிருந்து வந்தது. நகயாமா, நருதாகி, ஒகுதோ, ஷோபுதானி, ஒசுகு, ஒஹிரா என்று சுரங்கங்களின் பெயராலேயே கல் விலைபேசப்பட்டது.

அந்தக் கல் எப்படி உருவானது என்பதை நிலவியலாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். பழம்பெருங்கடலின் ஆழத்தில், ரேடியோலேரியா என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து படிந்து 'செர்ட்' என்னும் வன்பாறை ஆயின. ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில் பூமியின் உயிரினங்களில் பெரும்பகுதி அழிந்தது. ரேடியோலேரியாவும் அருகிப்போயின. செர்ட் படிவது நின்றது. அதற்குப் பதிலாக, காற்று அடித்துவந்த மிக நுண்ணிய தூசியும் களிமண்ணும் சிறிதளவு சிலிக்காவும் சேர்ந்து மெல்ல மெல்லப் படிந்தன. உயிர்கள் மீண்டு வந்தபின் மறுபடி செர்ட். இரண்டுக்கும் நடுவே சிக்கிய அந்தப் படிவம்தான் நாம் பேசும் கல். பின்னர் கடல்தட்டின் நகர்வில் ஆசியாவின் விளிம்பில் ஒட்டி, மலையாக எழுந்தது. நிலவியல் கட்டுரைகள் இதற்கு இட்டிருக்கும் பெயரே 'தோயிஷி வகைப் பாறை'. தோயிஷி என்றால் தீட்டுக்கல். பேரழிவுக் காலத்தை ஆராயும் அறிவியலாளர் ஒருவரும், நருதாகிக் கல்லைத் தடவிப் பார்த்து வாங்கும் முடிதிருத்துநர் ஒருவரும் ஒரே அடுக்கைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

வாளுக்கும் கமிசோரிக்கும் உள்ள உண்மையான உறவு இங்கேதான் இருக்கிறது. வாள் மெருகிடுவோர் இறுதிக் கட்டத்தில் பயன்படுத்தும் உச்சிகுமோரி, நருதாகிக் கற்களும் இதே மலைகளைச் சேர்ந்தவை. இரண்டு தொழில்களும் ஒரே சுரங்கத்தின் வாசலில் நின்றன. 'வாளின் வாரிசு' என்ற சொல்லை நாம் தக்கவைத்துக்கொள்ள விரும்பினால், இந்தப் பொருளில் மட்டுமே அது நிற்கும்.

5. கல்லுக்கு இணங்கிய எஃகு

இந்தக் கல்லில் அறுக்கும் பொருள் நுண்ணிய குவார்ட்ஸ் துகள். விக்கர்ஸ் அளவையில் குவார்ட்ஸின் கடினம் ஏறத்தாழ 1100. நன்றாகத் தோய்ச்சல் வைத்த சவரக்கத்தி எஃகு 800ஐ ஒட்டி நிற்கும். அதாவது கல் எஃகைவிடச் சற்றே வன்மையானது, அவ்வளவுதான். இன்றைய செயற்கைக் கற்களில் உள்ள அலுமினா 2000ஐ நெருங்கும். எஃகோடு வன்மையில் இவ்வளவு சிறிய இடைவெளி இருப்பதால் கியோத்தோக் கல் ஆழமாகக் கீறாது. தேய்க்கத் தேய்க்க அதன் துகள்களும் சிதைந்து மேலும் நுணுகும். எஃகின் மேல் அது விட்டுச்செல்வது பளபளப்பில்லாத, மங்கிய பனிமூட்டம் போன்ற முகம்.

இப்போது எஃகின் பக்கம் வருவோம். கரிமம் மட்டுமே உள்ள எஃகில் உருவாகும் வன்துகள் இரும்புக் கார்பைடு. அதன் கடினம் ஏறத்தாழ 1000, குவார்ட்ஸுக்குக் கட்டுப்படும். குரோமியம், வனேடியம் கலந்த எஃகிலோ குவார்ட்ஸைவிட வன்மையான கார்பைடுகள் தோன்றும். குரோமியத்தினுடையது 1500ஐத் தாண்டும். வனேடியத்தினுடையது 2500க்கும் மேல். அந்த எஃகைக் கியோத்தோக் கல்லில் வைத்தால், கல் சுற்றியுள்ள இரும்பைத் தின்றுவிட்டுக் கார்பைடைத் தொடாமல் விடும். வாய் சீராக வராது.

ஜப்பானின் யாசுகி நகரில் உருவாகும் எஃகு வகைகள் அவற்றைச் சுற்றிவரும் தாளின் நிறத்தால் அழைக்கப்படுகின்றன. டங்ஸ்டனும் குரோமியமும் சேர்த்த 'நீலத்தாள்' நெடுநாள் கூர் நிற்கும், தீட்டுவதற்குக் கடினம். கரிமம் மட்டும் கொண்ட 'வெள்ளைத்தாள்' கல்லில் எளிதில் படியும். தமஹகானே, ஸ்வீடன் எஃகு, வெள்ளைத்தாள் என்ற மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கும் பண்பு இதுதான். மெல்லிரும்பு உடலுக்கும் இதே நியாயம் பொருந்தும். கமிசோரியைத் தீட்டும்போது வாயும் முதுகும் ஒன்றாகக் கல்லில் படும். முதுகே சாய்வுக் கோணத்தை நிர்ணயிக்கும். முதுகும் வன் எஃகாக இருந்தால் கல்லின் உழைப்பெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். மெல்லிரும்பாக இருப்பதால் அது வாயோடு சேர்ந்து சீராகத் தேய்ந்து, கோணத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுகிறது.

6. தீட்டுதல்: இவாசாகியும் ஒரு சர்ச்சையும்

சவரக்கத்தித் தொழிலை எழுத்திலும் சோதனையிலும் நிலைநிறுத்தியவர் நீகாதா மாகாணத்துச் சான்ஜோவைச் சேர்ந்த இவாசாகி கோசுகே (1903–1967). டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பயின்று, ஊருக்குத் திரும்பிச் சவரக்கத்தி செய்தவர். நுண்ணோக்கியும் உலையும் ஒரே பட்டறையில் இருந்தது அவரிடம்தான் என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் இரண்டையும் அவர் அளவுக்கு இணைத்தவர்கள் அரிது. 'ஹாமோனோ நோ மிகாதா' என்னும் அவரது நூல் இன்றும் வெட்டுக்கருவி படிப்போரின் அடிப்படை நூல். தமஹகானேயின் பெரும் ஆதரவாளராக அறியப்படும் அவரது பட்டறையிலேயே ஸ்வீடன் எஃகுக் கத்திகளும் செய்யப்பட்டன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

முறை இப்படி: ஜப்பானியத் தர அளவில் 1000 எண் கல்லில் துகள் ஏறத்தாழ 11.5 மைக்ரான், 8000இல் 1.2 மைக்ரான். கரட்டுக்கல்லில் சாய்வு அமைந்தபின் படிப்படியாக நுண்ணிய கல்லுக்குப் போவார்கள். இறுதிக் கல்லின் மேல் நகுரா என்னும் சிறு கல்லைத் தேய்த்து நீரில் குழம்பு எழுப்புவார்கள். ஐச்சி மாகாணத்து மிகாவா நகுரா எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. அதன் அடுக்குகளில் போதன் கரடு. தென்ஜோ, மெஜிரோ என்று போகப்போக மென்மை. கோமா மிக நுண்மை. அந்தந்தக் குழம்பில் தீட்டி, முடிவில் முடிப்புக்கல்லின் துண்டாலேயே எழுப்பிய குழம்பிலும், பிறகு வெறும் நீரிலும் கத்தியை ஓட்டுவார்கள். கையின் அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, கடைசி ஓட்டங்களில் கத்தியின் சொந்த எடை மட்டுமே கல்லில் இருக்கும். அதன்பின் தோல்வார். ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்ட தலைமுடியைக் கத்தியின் வாயில் மெல்லச் சாய்த்தால், தடையின்றி அறுந்து விழ வேண்டும்.

சர்ச்சை இங்கே எழுகிறது. இயற்கைக் கல்லில் முடித்த வாய் தோலுக்கு இதமாக இருக்கும் என்பது அதைப் பயன்படுத்துவோரின் ஏறத்தாழ ஒருமித்த அனுபவம். துகள் உடைந்து மேலும் நுண்மையாவதால் கூர் மிகுந்து இதம் பிறக்கிறது என்பது மரபான விளக்கம். நுண்ணோக்கிப் படங்களை நம்புவோர் வேறு சொல்கிறார்கள்: குழம்பில் மிதக்கும் துகள் வாயின் விளிம்பில் மோதி அதைச் சிறிதே உருட்டிவிடுகிறது, கூர் ஒரு துளி குறைவதால்தான் கத்தி தோலைக் கடிக்காமல் வழுக்குகிறது. கடைசியில் வெறும் நீரில் ஓட்டும் பழக்கம் இரண்டாம் விளக்கத்துக்கே சான்றாகத் தோன்றுகிறது. குழம்பு வாய்க்கு நன்மையே செய்யுமானால் அதைக் கழுவித் தள்ளவேண்டிய தேவை வந்திராது. கல்லின் சிறப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எஃகை ஆழமாகக் கீறாமலும், அளவுக்கு மீறிக் கூராக்காமலும் நிறுத்தும் ஆற்றலே அதன் சிறப்பு. '30000 எண்ணுக்குச் சமம்' என்று இயற்கைக் கல்லுக்கு எண் ஒட்டி விற்பது, சலித்துத் தரம்பிரித்த செயற்கைத் துகளுக்கான அளவுகோலை வேறொரு பொருளின் மேல் சுமத்துவது. அதை ஏற்க முடியாது.

எஃகின் பக்கமுள்ள நியாயத்தையும் எடைபோட வேண்டும். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி எப்படிக் கத்தியை மழுங்கடிக்கிறது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2020இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். வாய் மெல்லத் தேய்வதைவிட நுண்ணிய சில்லுகளாக உடைவதே முதன்மைக் காரணம் என்றும், எஃகின் உள்ளமைப்பு சீரற்று இருக்கும் இடத்தில் முடி சாய்ந்து படும்போது அது நடக்கிறது என்றும் கண்டார்கள். அவர்கள் சோதித்தது இக்காலத் துருப்பிடிக்காத பிளேடு. எனினும் கார்பைடு நுண்மையாகவும் சீராகவும் பரவியிருக்க வேண்டும் என்ற கொல்லர்களின் கவலை வீணல்ல என்பதை இது காட்டுகிறது. ஆகவே கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதில் உலைக்குப் பெரிய பங்கு உண்டு. கூர் எத்தகையது என்பதைக் கல் தீர்மானிக்கிறது.

7. முகத்தின் மேல்

இரு முகங்களும் சமமற்ற கத்தியால் தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்வது கடினம். ஒரு கன்னத்தில் தோலைத் தொடும் முகம் மறு கன்னத்தில் மேலே போய்விடும். படுத்திருப்பவரின் தலைமாட்டில் நிற்கும் முடிதிருத்துநருக்கோ இந்தச் சிக்கல் இல்லை. அவர் இடம் மாறி நின்று அலகின் ஒரே முகத்தைத் தோலில் வைத்துக்கொள்ளலாம். கமிசோரியின் வடிவம் இன்னொருவருக்குப் பணிசெய்யும் கைக்காக அமைந்தது என்பது என் கணிப்பு. அலகு குறுகியது, பிடி நேரானது, பிடரி, காதோரம், நெற்றி விளிம்பு போன்ற இடங்களில் அது எழுதுகோல் போல நகரும்.

1871இல் மெய்ஜி அரசு முடியைக் கத்தரித்துக்கொள்ள அனுமதி அளித்ததும் உச்சி மழிக்கும் வேலை குறைந்தது. தாடி வழிக்கும் வேலை கூடியது. மேலைநாட்டு மடக்குக் கத்தி வந்தது. ஜப்பானியரே அதைச் செய்யவும் தொடங்கினர். 1932இல் செகி நகரில் மாற்றுப் பிளேடு உற்பத்தி தொடங்கியது. இரத்தவழித் தொற்று குறித்த அச்சம் பரவியபின் கடைகளில் ஒருமுறைப் பிளேடே வழக்கமாயிற்று. தமிழ்நாட்டு முடிதிருத்தகங்களிலும் எய்ட்ஸ் அச்சத்துக்குப் பின் இதேதான் நடந்தது. சாணைக்கல்லும் தோல்வாரும் சுவரிலிருந்து இறங்கின. ஜப்பானில் ஒரு வேறுபாடு உண்டு. 1947ஆம் ஆண்டின் முடிதிருத்துநர் சட்டப்படி முகம் வழிப்பது உரிமம் பெற்ற முடிதிருத்துநரின் தொழிலாக வரையறுக்கப்பட்டது. அதனால் திருமணத்துக்கு முன் மணப்பெண்ணின் முகத்தையும் பிடரியையும் வழிக்கும் வேலை இன்றும் அந்தக் கடைகளுக்கே வருகிறது. கருவி மாறியும் கை தொடர்கிறது.

8. முடிவு

தத்தாரா உலைக்கு மறுவாழ்வு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரோடு நின்றுபோன அந்தத் தொழிலை, வாள் பாதுகாப்புச் சங்கம் 1977இல் ஷிமானேயின் யோகோதாவில் மீண்டும் தொடங்கியது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே தமஹகானே எடுக்கிறார்கள். வாளின் மேலுள்ள மதிப்பு அந்த எஃகைக் காப்பாற்றியது, நல்லதே. கியோத்தோவின் தீட்டுக்கல் சுரங்கங்களுக்கு அத்தகைய புரவலர் வாய்க்கவில்லை. செயற்கைக் கல்லின் மலிவும் மலைக்குள் தோண்டும் செலவும் சேர்ந்து பெரும்பாலானவற்றை மூடிவிட்டன. இன்று விற்பனைக்கு வருபவை பெரிதும் பழைய இருப்பும், ஓய்வுபெற்ற தச்சர், முடிதிருத்துநர் வீடுகளில் கிடந்தவையும்தான்.

அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் கமிசோரியைக் கண்ணாடிப் பெட்டியில் தனியே கிடத்துகிறார்கள்; கொல்லரின் முத்திரையைப் படித்துக் குறிப்பு எழுதுகிறார்கள். அதைத் தீட்டிய கல்லையும் அருகில் வைக்க வேண்டும். கல் எந்தச் சுரங்கத்தின் எந்த அடுக்கு, நகுரா எது, எத்தனை ஆண்டு யார் கையில் தேய்ந்தது என்று அக்கல்லுக்கும் குறிப்பு எழுத வேண்டும். அதைச் சொல்லக்கூடிய முடிதிருத்துநர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யும் வேலை இப்போதே நடந்தாக வேண்டும்.